அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லம்: வீட்டை விற்கத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: நான் வடமேற்கு லண்டனில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு 82 வயது. மறதிநோய் வந்து சில வருடங்களாகின்றன. போன மாதம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வைத்தியசாலையில் இருக்கிறார். இரவும் பகலும் ஆள் தேவை, இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்கிறார்கள். வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது. வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் சேர்த்து 38,000 பவுண்டு. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அம்மாவின் பெயரில் மூன்று பரப்புக் காணி உண்டு. கவுன்சிலிலிருந்து தொலைபேசியில் பேசியவர், "சொந்த வீடு இருக்கிறதே, நீங்களே ஓர் இல்லத்தைப் பார்த்துப் பணம் கட்டிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார். நான் பார்த்த இல்லம் வாரத்துக்கு 1,500 பவுண்டு கேட்கிறது. சித்தப்பா, வீட்டை உடனே என் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். ஏழு வருடம் போனால் யாரும் கேட்க முடியாதாம். டொரன்டோவில் இருக்கும் அண்ணா, பெற்ற தாயை இல்லத்தில் விடுவதா என்று கோபிக்கிறார். நான் 2016இல் என் வாடகை வீட்டை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்க வந்தவள். எனக்கு 55 வயது, மூட்டுவாதத்துக்காக பி.ஐ.பி. என்ற அரசின் இயலாமைக் கொடுப்பனவை எடுக்கிறேன். அம்மாவின் கையிலுள்ள வளையல்களையும் கணக்கில் எடுப்பார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான செய்தியை நீங்கள் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூட்டுவாதத்துக்காக பி.ஐ.பி. எடுக்கிறேன் என்ற அந்த ஒரு வரி, நீங்கள் இருக்கும் வீட்டைக் காப்பாற்றக்கூடியது. எப்படி என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இதை வாசித்து முடிக்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தில் மட்டுமல்ல, இல்லத்தின் ஒப்பந்தத்திலும்தான்.

நான் சொல்பவை இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கணக்கு வேறு. தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் சிலவற்றை மாற்றுவார்கள், ஆகவே இன்றைய தொகையைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

தொலைபேசியில் உங்களுக்குக் கிடைத்த பதில் சட்டப்படி பிழை. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், அதாவது கேர் ஆக்ட், 9ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: பராமரிப்புத் தேவைப்படுபவராகத் தோன்றும் எவருக்கும் கவுன்சில் தேவை மதிப்பீடு செய்தாக வேண்டும், அவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அந்தக் கட்டத்தில் பொருட்டே இல்லை. ஆனால் நடைமுறையில் தொலைபேசியை எடுத்ததும் "வீடு இருக்கிறதா? 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருக்கிறதா?" என்று கேட்டு, ஆம் என்றதும் அழைப்பை முடித்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பணக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. அது முதலாவதாக வந்துவிட்டால், அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் எழுதிவைக்காமலே போய்விடும். பிறகு எந்த உரிமையைக் கேட்பதற்கும் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

ஆகவே இன்றே கவுன்சிலின் முதியோர் சமூகசேவைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் தாயாருக்கு கேர் ஆக்ட் 9ஆம் பிரிவின் கீழ் தேவை மதிப்பீடு கோருகிறேன். அவர் வைத்தியசாலையில் இருக்கிறார். உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள்." இவ்வளவு போதும். அதே மின்னஞ்சலின் பிரதியை வைத்தியசாலையில் வீடுதிரும்பும் ஏற்பாடுகளைக் கவனிக்கும் குழுவுக்கும் அனுப்புங்கள். தொலைபேசியில் மறுப்பது எளிது. எழுத்தில் மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

வைத்தியசாலையில் அவசரப்படுத்துவார்கள். கட்டில் தேவை என்பது உண்மையான நெருக்கடிதான். அம்மாவை அங்கேயே வைத்திருக்கவும் முடியாது. ஆனால் அங்கிருந்து வெளியேறுவதும், ஓர் இல்லத்தில் நிரந்தரமாகக் குடியேறுவதும் ஒரே முடிவாக இருக்கத் தேவையில்லை. எலும்பு முறிவிலிருந்து தேறுவதற்கான இடைக்காலப் பராமரிப்பு அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் அதை ஆறு வாரம்வரை கட்டணமின்றித் தர வேண்டும். இல்லத்துக்கே போனாலும், முதலில் தற்காலிகத் தங்கலாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தற்காலிகமாகத் தங்குபவரின் சொந்த வீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. வைத்தியசாலைக் கட்டிலில் தெரியும் அம்மாவும், ஒரு மாதம் கழித்துத் தெரியும் அம்மாவும் ஒருவராகவே இருப்பார் என்றும் சொல்ல முடியாது. தொற்று, வலிமருந்து, புதிய இடம் எல்லாம் சேர்ந்து மறதிநோயாளியை மிகவும் குழப்பிவிடும்.

மதிப்பீட்டு நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் மொழிபெயர்ப்பாளராக அல்ல. உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தவறு இது. சிறுவயது முதல் பெற்றோருக்காக வங்கியிலும் வைத்தியரிடமும் மொழிபெயர்த்தே பழகியவர்கள், இதையும் தம் கடமையாக எடுத்துக்கொள்கிறார்கள். கவுன்சில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். மறதிநோய் முற்றும்போது பிந்திக் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுவது. அம்மா முப்பது வருடம் ஆங்கிலம் பேசியிருந்தாலும் இன்று அவருக்குத் தமிழ்தான் வரக்கூடும். எங்கே வாழ்வது என்று தீர்மானிக்கும் ஆற்றல் அவருக்கு இருக்கிறதா என்ற சோதனையையும் தமிழில்தான் நடத்த வேண்டும். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், இயன்ற உதவி எல்லாம் செய்து பார்க்காமல் ஒருவரைத் தீர்மானிக்கும் ஆற்றல் அற்றவராகக் கொள்ளக்கூடாது என்கிறது. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லவில்லை என்பதை வைத்து அவருக்கு ஆற்றல் இல்லை என்று எழுதியிருந்தால், அந்த அறிக்கையை ஏற்காதீர்கள். ஆற்றல் இல்லை என்றே முடிவானாலும், அவருடைய நலனுக்கு உகந்ததைத் தீர்மானிக்கும்போது அவருடைய விருப்பத்தையும் நம்பிக்கைகளையும் உங்கள் கருத்தையும் கேட்டாக வேண்டும்.

நீங்கள் சொல்வனவற்றில் நாகரிகம் பார்க்க வேண்டாம். நம்மவர்கள் அதிகாரியைக் கண்டதும், "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று சொல்லிவிடுவார்கள். அம்மா இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், மலசலகூடத்துக்கு யார் தூக்கிப் போகிறார், அடுப்பை எரியவிட்டு மறந்தாரா, மருந்தைத் துப்புகிறாரா, உங்களை அடிக்கிறாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். சைவ உணவு, தமிழ் பேசும் பணியாளர், வெள்ளிக்கிழமை விளக்கு, பெண் பணியாளர் மட்டுமே குளிப்பாட்ட வேண்டும் என்ற விருப்பம், இவற்றையும் சம்பிரதாயமாகக் கருதி விட்டுவிடாதீர்கள். இவை மதிப்பீட்டில் தேவைகளாகப் பதிவாக வேண்டும். பதிவானால் பணத்திலும் அது பெரிய வித்தியாசத்தைச் செய்யும். அதையும் பின்னால் சொல்கிறேன்.

கவுன்சிலின் பணக்கணக்குக்குப் போகுமுன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அம்மாவின் செலவு அரசின் சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் பொறுப்பா என்பது. கண்டினியூயிங் ஹெல்த்கேர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒருவரின் தேவை முதன்மையாக மருத்துவத் தேவை என்று தீர்மானித்தால் இல்லத்தின் முழுச் செலவையும் என்.எச்.எஸ். ஏற்கும், சொத்து, வருமானம் எதையும் பார்க்காது. முதலில் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை நிரப்புவார்கள். அதைத் தாண்டினால் முழு மதிப்பீடு. உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. மறதிநோய் என்ற பெயர் மட்டும் இதற்குப் போதாது, மறுக்கப்படுபவர்களே அதிகம். ஆனால் நோய், வலி, விழுதல், விழுங்க முடியாமை, கட்டுக்கடங்காத நடத்தை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் கேட்காமல் விடுவது மடமை. நிரந்தர இல்லம் என்று முடிவாகுமுன் இது பரிசீலிக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் வைத்தியசாலையை விட்டு வெளியே வந்து, தேவைகள் தெளிவான பிறகு இதைச் செய்வதே நல்லது. முழுத் தொகை கிடைக்காவிட்டாலும், தாதியர் உள்ள இல்லத்துக்குப் போய், தாதியர் பராமரிப்பு தேவை என்று முடிவானால், அந்தப் பங்குக்காக வாரத்துக்கு 254.06 பவுண்டை என்.எச்.எஸ். நேரடியாக இல்லத்துக்குத் தரும்.

இனி வீடு.

இல்லத்தில் நிரந்தரமாகச் சேருபவரின் வீட்டைக் கவுன்சில் சொத்தாகக் கணக்கிடும் என்பது பொதுவிதி. ஆனால் அந்த வீட்டில் சிலர் தொடர்ந்து வசித்தால் வீட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது. கணவன் அல்லது மனைவி, 60 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினர், 18 வயதுக்குக் குறைந்த சொந்தப் பிள்ளை, உடல் இயலாமை உள்ள உறவினர். உங்களுக்கு 55 வயது என்பதால் வயதுக் காரணம் பொருந்தாது. ஆனால் நான்காவது பொருந்துகிறது. கவுன்சில்களுக்கான அரசின் வழிகாட்டி, பி.ஐ.பி. போன்ற கொடுப்பனவைப் பெறும் உறவினரை இயலாமை உள்ளவராகக் கொள்வது நியாயம் என்று சொல்கிறது. அந்த வீடு உங்கள் ஒரே வீடாக அல்லது பிரதான வீடாக இருக்க வேண்டும். அம்மா இல்லத்துக்குப் போகுமுன்பே நீங்கள் அங்கு வசித்து, தொடர்ந்தும் வசிக்க வேண்டும். நீங்கள் 2016 முதல் அங்கே இருக்கிறீர்கள்.

இது கவுன்சில் பார்த்துப் போடும் தயவு அல்ல, கட்டாய விலக்கு. விலக்குப் பெற்ற வீட்டின் மீது கடனும் ஏறாது. பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது பழைய பாக்கி என்று யாரும் வர முடியாது. பி.ஐ.பி. வழங்கிய கடிதம், கவுன்சில் வரிச் சீட்டு, வாக்காளர் பதிவு, உங்கள் பெயரில் அந்த முகவரிக்கு வந்த வைத்தியசாலைக் கடிதங்கள், இவற்றைப் பிரதி எடுத்து நிதி மதிப்பீட்டுப் படிவத்தோடு இணையுங்கள். படிவத்தில் வீட்டைப் பற்றிய கேள்விக்கு அருகே "உடல் இயலாமை உள்ள மகள் வசிக்கிறார், கட்டாய விலக்கு கோருகிறோம்" என்று எழுதுங்கள். படிவத்தைப் பார்ப்பவருக்கு இந்த விதி தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பி.ஐ.பி.யை மறுபரிசீலனை செய்து நிறுத்திவிட்டால்? கொடுப்பனவு இல்லாவிட்டாலும், அதைப் பெறும் அளவுக்கு ஒத்த இயலாமை இருந்தால் போதும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. வைத்தியரின் கடிதம் உதவும். அதுவும் கைகொடுக்காவிட்டால் இன்னொரு வாசல் இருக்கிறது. பராமரிப்பதற்காகச் சொந்த வீட்டைக் கைவிட்டு வந்தவர் அங்கே வசித்தால் கவுன்சில் தன் விருப்புரிமையில் வீட்டை விலக்கலாம். நீங்கள் வாடகை வீட்டை விட்டு வந்ததற்கான பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

எல்லாம் தோற்றாலும் வீட்டை உடனே விற்க வேண்டியதில்லை. நிரந்தரமாகச் சேர்ந்த முதல் 12 வாரம் வீடு கணக்கில் வராது. அதன்பின் ஒத்திவைத்த கட்டண ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைக் கேட்கலாம். கவுன்சில் இல்லத்துக்குப் பணம் கட்டும், வீட்டின் மீது உரிமைப் பதிவு ஒன்றை வைத்துக்கொள்ளும், வட்டி சேரும், வீடு விற்கப்படும்போது, அல்லது அம்மா காலமாகி 90 நாட்களுக்குள், கணக்குத் தீர்க்கப்படும். உங்கள் நிலையில் இதுவரை போக வேண்டிவராது என்றுதான் நினைக்கிறேன்.

சித்தப்பாவின் ஏழு வருடக் கணக்கு வாரிசு வரிக்கு உரியது. பராமரிப்புக் கட்டணத்தில் அப்படி ஒரு கால எல்லையே இல்லை. கவுன்சில் பார்ப்பது இரண்டைத்தான்: எழுதிக்கொடுத்தபோது பராமரிப்புத் தேவை வரும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக இருந்ததா, கட்டணத்தைத் தவிர்ப்பது அதற்கு முக்கியமான நோக்கமாக இருந்ததா. மறதிநோயோடு இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவர் வீட்டை மகளுக்கு எழுதினால் இரண்டு கேள்விக்கும் பதில் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த வீடு இன்னும் அம்மாவிடம் இருப்பதாகவே பாவித்துக் கட்டணம் விதிப்பார்கள். கேர் ஆக்ட் 70ஆம் பிரிவின்படி வாங்கியவரிடமிருந்தே வசூலிக்கவும் முடியும். கையெழுத்தின் பொருள் புரியாத நிலையில் அம்மா வைக்கும் கையெழுத்து செல்லாது என்பது வேறு. பேசாமல் இருந்தால் விலக்கு கிடைக்கக்கூடிய வீட்டை, அவசரப்பட்டு எழுதி வழக்குச் சொத்தாக்கிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்து அலுத்துப்போய்விட்டது.

வங்கிப் பணம். கூட்டுக் கணக்கிலுள்ள தொகையை, வேறு ஆதாரம் இல்லாவிட்டால், சமபங்காகப் பிரிப்பார்கள். அம்மாவின் பங்கு 19,000 பவுண்டு. உங்கள் சம்பளமே பெரும்பாலும் அதில் சேர்ந்தது என்றால் வங்கி அறிக்கைகளைக் காட்டி அதிகப் பங்கு கோரலாம். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து உள்ளவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். 14,250க்குக் கீழே உள்ளதைத் தொட மாட்டார்கள். இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரத்துக்கு 1 பவுண்டு வருமானம் வருவதாகப் பாவிப்பார்கள். 19,000இல் 14,250ஐக் கழித்தால் 4,750; ஆக வாரத்துக்கு 19 பவுண்டு. அதோடு அம்மாவின் ஓய்வூதியத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சொந்தச் செலவுக்கென வாரத்துக்கு 30.65 பவுண்டை அம்மாவிடம் விட்டுவைக்க வேண்டும். உதாரணமாக ஓய்வூதியம் 190 பவுண்டு என்றால், அம்மா கட்டுவது 178.35 பவுண்டு. மீதியைக் கவுன்சில் கட்டும். உங்கள் சம்பளத்தையோ, அண்ணாவின் சம்பளத்தையோ கேட்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை.

இந்த அழகான கணக்கைக் குலைக்கக்கூடியது கோண்டாவில் காணி. "அது ஊரில்தானே இருக்கிறது, இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தையும் கேட்பார்கள். மறைத்து எழுதினால் அது பொய் வாக்குமூலம். கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். சொல்லிவிட்டு, அதன் உண்மையான பெறுமதியை வாதாடுங்கள். அங்கிருந்து பணத்தைக் கொண்டுவரத் தடை இல்லாவிட்டால் அந்நாட்டுச் சந்தை விலையைப் பார்ப்பார்கள். தடை இருந்தால், இங்கே ஒருவர் அதற்கு என்ன விலை கொடுக்க முன்வருவார் என்பதைப் பார்ப்பார்கள். அது மிகக் குறைவாக இருக்கலாம். விற்பதற்குச் செலவாகும் என்பதால் பெறுமதியில் 10 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். உறுதியை எடுத்துப் பாருங்கள். காணி முழுவதும் அம்மாவுடையதா, மாமாவுக்கோ பெரியம்மாவுக்கோ பங்கு இருக்கிறதா? பிரிக்கப்படாத பங்கு என்றால் வெளியார் வாங்கத் தயங்குவார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். நொத்தாரிசு ஒருவரிடம் உறுதியைப் பற்றி ஒரு கடிதமும் வாங்குங்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். 19,000க்கும் 23,250க்கும் இடையில் உள்ள இடைவெளி 4,250 பவுண்டு மட்டுமே. காணி முழுக்க அம்மாவுடையது என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது சொத்து எல்லைக்குக் கீழே வரும்வரை அம்மா சொந்தப் பணத்தில் இருக்க வேண்டியவராவார். ஆனால் இழக்கப்போவது ஊர்க் காணி. நீங்கள் குடியிருக்கும் வீடு அல்ல. சொந்தப் பணத்தில் இருக்கும் காலத்தில் பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற கொடுப்பனவை வாங்கலாம், 2025-26இல் உயர்ந்த வீதம் வாரத்துக்கு 110.40 பவுண்டு. கவுன்சில் பணம் கட்டும் இல்லவாசிக்கு அது 28 நாட்களில் நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் இந்தக் கொடுப்பனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மாவுக்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றால், போன வருடங்களுக்குச் சேர்த்துத் தரமாட்டார்கள், இனியாவது விண்ணப்பியுங்கள்.

அடுத்த முடிச்சு அதிகாரம். அம்மா தெளிவாக இருந்தபோது யாருக்காவது நிலையான அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாரா? இல்லை, இப்போது அவருக்கு அது விளங்காது என்றால், அவருடைய சொத்தை நிர்வகிக்க தீர்மானிக்கும் ஆற்றல் இழந்தவர்களின் விவகாரங்களைக் கவனிக்கும் நீதிமன்றமான கோர்ட் ஒஃப் புரொட்டக்ஷனிடம் விண்ணப்பித்துப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும். ஓய்வூதியத்தை மட்டும் கையாள்வதற்கு ஓய்வூதியத் திணைக்களத்தில் நியமனதாரராகப் பதிவு செய்வது எளிது. ஊர்க் காணிக்கு அங்குள்ள சட்டப்படி தனி ஏற்பாடு வேண்டும். சொத்தைத் தொட யாருக்கும் அதிகாரமில்லாத இந்த இடைக்காலத்தில், கவுன்சிலே இல்லத்தை ஏற்பாடு செய்து பணத்தைக் கட்டி, பின்னர் கணக்குத் தீர்க்கும்படி கேளுங்கள். தீர்மானிக்கும் ஆற்றல் இழந்தவருக்காக ஏற்பாடு செய்ய வேறு எவரும் இல்லாதபோது அது கவுன்சிலின் கடமையாகிறது. "மகள் இருக்கிறாரே" என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். மகளுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று எழுதுங்கள்.

இதனால்தான் இல்லத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள் என்றேன். பல ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் பிள்ளையைக் கட்டணத்துக்குத் தனிப்பட்ட பொறுப்பாளியாக்கும் வரி எங்கோ உள்ளே இருக்கும். அம்மாவின் சார்பில், அம்மாவின் பணத்திலிருந்து என்று தெளிவாக எழுதப்படாத எதையும் ஏற்காதீர்கள்.

வாரத்துக்கு 1,500 பவுண்டு கேட்கும் இல்லத்துக்கு வருவோம். கவுன்சில் பணம் தரும் கட்டத்தில், "எங்கள் வீதம் இவ்வளவுதான், மீதியைக் குடும்பம் கட்டட்டும்" என்பார்கள். அந்த மேலதிகத் தொகை, கவுன்சில் காட்டிய பொருத்தமான இல்லத்தை விட விலை கூடிய ஒன்றைக் குடும்பம் விரும்பித் தெரிந்தால் மட்டுமே. அம்மாவின் தேவைகளை நிறைவேற்றக்கூடிய, உண்மையில் இடம் காலியாக உள்ள ஓர் இல்லத்தையாவது மேலதிகத் தொகை இல்லாமல் கவுன்சில் காட்ட வேண்டும். இங்கேதான் மதிப்பீட்டில் எழுதிய தமிழும் சைவச் சாப்பாடும் பேசத் தொடங்கும். அவை தேவைகளாகப் பதிவாகி, அவற்றைத் தரக்கூடியது அந்த விலையுள்ள இல்லம் ஒன்றே என்றால், முழுத் தொகையும் கவுன்சிலின் பொறுப்பு. பதிவாகவில்லை என்றால் அது உங்கள் விருப்பம் என்று தள்ளிவிடுவார்கள். தமிழ்ப் பணியாளர்கள் உள்ள இல்லம் வேறொரு கவுன்சிலின் எல்லைக்குள் இருந்தாலும் கவலையில்லை. அம்மாவை அங்கே சேர்க்கும் உங்கள் கவுன்சிலே தொடர்ந்தும் பொறுப்பாக இருக்கும். எந்த இல்லமானாலும், இல்லங்களை ஆய்வுசெய்யும் கேர் குவாலிட்டி கமிஷனின் கடைசி ஆய்வறிக்கையை வாசியுங்கள். பிறகு அறிவிக்காமல் ஒரு மதிய உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள். சைவச் சாப்பாடு என்று அவர்கள் சொல்வது தினமும் சீஸ் சாண்ட்விச்சாக இருக்கலாம்.

அண்ணாவிடம் ஒன்று சொல்லுங்கள். மேலதிகத் தொகை கட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், அதை மூன்றாம் நபர் ஒருவர் எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் கட்டலாம். டொரன்டோவில் இருப்பவரும் கட்டலாம். கோபத்தைத் தொலைபேசியில் காட்டுவதை விட அது அம்மாவுக்கு உதவும். நீங்கள் அம்மாவைக் கைவிடவில்லை. இரவில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவரை மூட்டுவாதக் கையோடு தனியாகத் தூக்கி, இருவரும் விழுவதில் தாய்ப்பாசம் எதுவும் இல்லை. அண்ணா அடுத்த விமானத்தில் வந்து இரண்டு வாரம் இரவுக் கடமை பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

எழுத்தில் கேட்டும் கவுன்சில் அசையாவிட்டால் அதன் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கு உதவும் ஏஜ் யூ.கே. போன்ற அமைப்புகளின் இலவச ஆலோசனைத் தொலைபேசியில், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே வரிக்கு வரி கேட்கலாம்.

வளையல்கள். அணியும் நகை தனிப்பட்ட உடைமை, கணக்கில் வராது. ஆனால் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக இப்போது வங்கியிலிருந்து பணத்தை எடுத்துத் தங்கம் வாங்கினால் அது வரும். சித்தப்பா அடுத்து அதைத்தான் சொல்வார், கேட்காதீர்கள். அம்மா கழற்றச் சம்மதித்தால் கனமானவற்றை வீட்டில் வைத்துவிட்டு ஒரு சோடி மெல்லிய வளையலோடு அனுப்புங்கள். எதை அனுப்பினாலும் படம் எடுத்து, இல்லத்தின் உடைமைப் பதிவேட்டில் எழுதச் செய்து, பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.